மனசைப் படிச்ச மேதை, சுருட்டிடம் தோற்ற கதை!

உங்க நண்பர்கள் கூட்டத்துல இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் அந்தப் பயங்கரமான படத்தை தினமும் பார்ப்பார். புற்றுநோய் வரும்னு நல்லாவே தெரியும். புத்தாண்டு, பிறந்தநாள், காதலிக்குப் பண்ணின சத்தியம்னு பல தடவை விட்டிருப்பார். பத்தாவது நாள் டீக்கடை வாசலில் மறுபடியும் தீப்பெட்டி கேட்டுக்கொண்டு நிற்பார். மன உறுதி இல்லாத ஆளுன்னு நாம ஈஸியா சொல்லிட்டுப் போயிடுவோம். ஒருவேளை அந்த ஆள் நீங்களாகவே இருந்தால், உங்களைப் பத்தி நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

சரி, இவரை என்னன்னு சொல்றது? படித்தவர், அதுவும் டாக்டர். மனித மனதின் அடியாழத்தில் என்ன கிடக்கிறது என்று தேடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர். கனவுக்கு அர்த்தம் சொன்னவர். அயராத உழைப்பாளி. வாயில் புற்றுநோய் வந்து, தாடை எலும்பையே வெட்டி எடுத்த பிறகும் அவரால் சுருட்டை விட முடியவில்லை.

அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்டு. உளப்பகுப்பாய்வு என்ற துறையை உருவாக்கியவர். அவரோட வாழ்க்கையை சுருட்டுப் புகை வழியாப் பார்த்தா, நிகோடின் பத்தி நமக்குத் தெரிய வேண்டியது எல்லாமே அதுல இருக்கு.

24 வயதில் ஒரு தொடக்கம்

1856-ம் ஆண்டு மே 6-ம் தேதி, இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர் ஃப்ராய்டு. அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா நிறைய புகைப்பவர். மகன் 24 வயதில் சிகரெட்டில் தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே சுருட்டுக்கு மாறிவிட்டார்.

அப்போது அவர் கையில் காசில்லாத இளம் மருத்துவர். பிறகு மார்த்தா என்ற பெண்ணோடு நிச்சயம் ஆனது. ஆனால் அந்தப் பெண் இருந்ததோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஹாம்பர்க் பக்கத்தில். கல்யாணம் நடக்க 4 வருடம் ஆனது. அந்தக் காத்திருப்பில் எழுதிய கடிதம் ஒன்றில், முத்தமிட ஆள் பக்கத்தில் இல்லாதவனுக்குப் புகையிலை இல்லாமல் முடியாது என்று பாதி வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். தனிமை, டென்ஷன், வேலைப்பளு... இன்னிக்கு முதல் தம் அடிக்கிற பலர் சொல்ற காரணங்களும் இதேதானே?

பிறகு அது நாளுக்கு ஏறக்குறைய 20 சுருட்டு என்ற கணக்கில் வந்து நின்றது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வியன்னா வீதிகளில் வேகமாக ஒரு நடை போவார். வழியில் புகையிலைக் கடையில் சுருட்டு வாங்குவது அந்த நடையின் ஒரு பகுதி. 1902-ல் தொடங்கி, புதன்கிழமை இரவுகளில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடி உளவியல் பேசுவார்கள். மேஜையில் காபியும் கேக்கும் சுருட்டும் இருக்கும். கூட்டம் முடிந்த பிறகு அறைக்குள் நுழைந்தால் மூச்சு முட்டும் அளவுக்குப் புகை.

சுருட்டுப் புகையை உள்ளே இழுக்கணும்னு இல்லை

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் புகை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நிகோடின் என்பது புகையிலைச் செடி தயாரிக்கும் ஒரு ரசாயனம். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்ல அந்தச் செடி வைத்திருக்கும் விஷம் அது. 1828-லேயே ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இரண்டு பேர் அதைப் புகையிலையிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஆக, ஃப்ராய்டு காலத்து டாக்டர்களுக்கு நிகோடின் என்ற பெயர் தெரியும். அது மூளையில் என்ன செய்கிறது என்பதுதான் தெரியாது.

சிகரெட் புகையை உள்ளே இழுத்தால், நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து 10 முதல் 20 விநாடிகளுக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். நீங்க ஒரு ரீல் பார்த்து முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். சுருட்டு வேறு மாதிரி. அதன் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நுரையீரலுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் உட்புறத் தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் இறங்கும். நான் உள்ளே இழுக்கிறதில்லை, சும்மா வாயிலதான் வெச்சுக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சில பெரிய சுருட்டுகளில் ஒரு முழு சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கும். நாள் முழுக்க அந்தப் புகை ஃப்ராய்டின் வாய்க்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூளையில், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேச அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. அது வந்து உட்காரும் இடங்களுக்கு ரிசப்டார் என்று பெயர். பூட்டும் சாவியும் போல. நிகோடின் அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தும் கள்ளச்சாவி. அது திறந்ததும் டோபமைன் சுரக்கிறது. பசிக்குச் சாப்பிடும்போதும், பிடித்தவரைப் பார்க்கும்போதும் சுரக்கும் அதே டோபமைன். இது நல்லா இருக்கு, மறுபடியும் செய் என்று மூளைக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

அதே நேரத்தில் அட்ரினலினும் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். ரத்தக்குழாய்கள் சுருங்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் அதிகமாக உழைக்கணும், ஆனா கிடைக்கிற ஆக்ஸிஜன் குறைவு. ஃப்ராய்டுக்கு முதலில் அடி விழுந்தது இங்கேதான்.

ஏழு வாரம் விட்டார்... அப்புறம்?

1890-களின் முதல் பாதி. ஃப்ராய்டுக்கு வயது 40-ஐக்கூடத் தொடவில்லை. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், தாறுமாறான இதயத் துடிப்பு. பெர்லினில் இருந்த அவருடைய நெருங்கிய நண்பரும் மருத்துவருமான வில்ஹெல்ம் ஃப்ளீஸ், சுருட்டை உடனே நிறுத்தச் சொன்னார்.

ஃப்ராய்டு நிறுத்தினார். நிறுத்தியதும் வந்த அவஸ்தையை ஃப்ளீஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். மனம் சோர்ந்துபோனது. சாவைப் பற்றிய எண்ணங்கள் வந்தன. வேலை ஓடவில்லை. ஏறக்குறைய 7 வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு மறுபடியும் சுருட்டு. பற்றவைத்ததுமே வேலை செய்ய முடிந்தது, மனநிலை தன் கட்டுப்பாட்டுக்கு வந்தது என்று நிம்மதியாகச் சொன்னார்.

புகைக்கிற எல்லாரும் சொல்ற விஷயம் இது. தம் அடிச்சாதான் மூளை வேலை செய்யுது, டென்ஷன் குறையுது. பொய்யில்லை, அவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா உள்ளே நடக்கிற கதை வேற.

நிகோடின் திரும்பத் திரும்ப வரும்போது, மூளை தன் ரிசப்டார்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது கூடுதலாக முளைத்த அத்தனை ரிசப்டார்களும் காலியாக உட்கார்ந்து கேட்க ஆரம்பிக்கும். எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுவது, தூக்கம் கெடுவது, மனச்சோர்வு எல்லாம் அதன் குரல்கள். அடுத்த சுருட்டைப் பற்றவைத்ததும் அவை அடங்கும். நமக்கோ டென்ஷன் போய்விட்டது போல இருக்கும். அந்த டென்ஷனில் பெரும்பகுதியைக் கொண்டுவந்ததே முந்தைய சுருட்டுதான். கடன் கொடுத்தவனே வட்டி கட்டவும் கடன் கொடுக்கிற மாதிரி!

நிறுத்தினால் இந்த அவஸ்தை சில மணி நேரத்திலேயே தொடங்கும். 2, 3 நாள்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும். அப்படியானால் 7 வாரம் தாண்டிய ஃப்ராய்டு ஏன் திரும்பிப் போனார்?

ஏன்னா, மூளை ரசாயனத்தை மட்டும் ஞாபகம் வைப்பதில்லை. இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே ஞாபகம் வைக்கிறது. எழுதும் மேஜை, சாப்பாட்டுக்குப் பிறகான நடை, நண்பர்களின் பேச்சு என ஃப்ராய்டின் நாளில் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு சுருட்டு தைக்கப்பட்டிருந்தது. அவர் எழுத உட்கார்ந்தாலே கை சுருட்டைத் தேடும். உங்களுக்கு டீ, பஸ் ஸ்டாப், ஆபீஸ் மாடிப்படி... அவருக்கு அந்த மேஜை.

கொக்கெய்னை விட்டவர், சுருட்டை விடவில்லை

போதை என்றால் என்ன என்று தெரியாதவரில்லை ஃப்ராய்டு. 1884-ல் கொக்கெய்னைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீள அது மருந்தாகும் என்று நம்பினார். மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த தன் நண்பர் ஃப்ளைஷலுக்கு அதைப் பரிந்துரைத்தார். நண்பரோ இரண்டுக்கும் அடிமையாகி, சீரழிந்து, 1891-ல் இறந்துபோனார். போதை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஃப்ராய்டு. தானும் பயன்படுத்திவந்த கொக்கெய்னை 1890-களில் விட்டுவிட்டார். சுருட்டு மட்டும் அப்படியே தொடர்ந்தது.

1905-ல் வெளியான பாலியல் பற்றிய தன் புத்தகத்தில், குழந்தைப் பருவத்தில் வாய் தரும் இன்பத்தில் ஊறியவர்கள் வளர்ந்த பிறகு குடிக்கும் புகைக்கும் ஈர்க்கப்படுவார்கள் என்று ஒரு விளக்கமும் எழுதினார். சரியோ தப்போ, அது அவருடைய கொள்கை. ஆக, புகைப்பழக்கத்துக்கு விளக்கம் எழுதியபோதும் கையில் சுருட்டு இருந்தது. விளக்கம் தெரிஞ்சா பழக்கம் போயிடும்னா, உலகத்துல முதல்ல விட்டிருக்க வேண்டிய ஆள் இவர்தான்.

முதல் உலகப் போர் நேரத்தில் சுருட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1917-ல் சுருட்டில்லாமல் தவித்த சமயத்தில், வாயின் மேல் அண்ணத்தில் வலியோடு ஒரு வீக்கம் வந்தது. நோயாளி ஒருவர் சுருட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். புகைத்ததும் சரியாகிவிட்டது போல இருந்தது. இல்லாததால்தான் வந்தது, கிடைத்ததும் போய்விட்டது என்று முடிச்சுப் போட்டுக்கொண்டது அந்த மேதையின் மனம். பழக்கத்தைக் காப்பாற்ற மூளை சொல்லும் சாக்குகளுக்குப் படிப்பு, பட்டம் எதுவும் தடையில்லை.

1923: மறைக்கப்பட்ட உண்மை

1923 பிப்ரவரியில், வலது பக்க மேல் அண்ணத்தில் ஏதோ வளர்ந்திருப்பதை ஃப்ராய்டு கவனித்தார். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் சுருட்டை விடச் சொல்வார்களே!

ஏப்ரலில், வீட்டில் சொல்லாமலே ஒரு மருத்துவமனைக்குப் போனார். சின்ன அறுவை சிகிச்சை என்று தொடங்கியது, எதிர்பாராத ரத்தப்போக்கில் முடிந்தது. போன் வந்து ஓடிய மனைவியும் மகளும் பார்த்தது, ரத்தம் படிந்த உடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த 66 வயது மனிதரை. அவர்கள் கொஞ்சம் வெளியே போயிருந்த நேரத்தில் மறுபடியும் ரத்தம் கொட்டியது. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அதே அறையில் இருந்த இன்னொரு நோயாளிதான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்து அவர் உயிரைக் காப்பாற்றினார்.

அது புற்றுநோய் என்று டாக்டர்களுக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. இடையில், ஜூன் மாதம், அவர் உயிராக நினைத்த 4 வயதுப் பேரன் காசநோயில் இறந்துபோனான். அந்தத் துக்கத்திலிருந்து அவர் முழுசாக மீளவே இல்லை.

அக்டோபரில் ஹான்ஸ் பிக்லர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வலது பக்க மேல்தாடையின் பெரும்பகுதியையும் அண்ணத்தையும் வெட்டி எடுத்தார். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் சுவர் இல்லாமல் போனது. அதை அடைக்க ஒரு செயற்கை அண்ணம். பெரிய பல் செட் மாதிரியான அந்தக் கருவிக்கு வீட்டில் வைத்த பெயர், ராட்சசன். அதை மாட்டுவதும் கழற்றுவதும் ஒவ்வொரு முறையும் சித்ரவதை. சாப்பாடு கஷ்டம். பேச்சு மூக்கால் வந்தது. வலது காது கேட்காமல் போனதால், நோயாளிகளின் பேச்சு இடது காதில் விழுமாறு சோபாவையும் தன் நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்டார். மேடைகளில் பேசுவதை விட்டார். 1930-ல் கிடைத்த புகழ்பெற்ற கதே விருதை வாங்கக்கூட மகள் அன்னாதான் போனார்.

அடுத்த 16 வருடங்களில் 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். புகை படும் இடத்தில் புதிது புதிதாகக் கட்டிகள் வந்தன. வெட்டினார்கள், சுட்டார்கள். டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் கெஞ்சினார்கள். ஃப்ராய்டு மறுத்தார். வாய் சரியாகத் திறக்காத நாள்களில், துணி உலர்த்தும் கிளிப்பைப் பற்களுக்கு இடையில் கொடுத்து நெம்பி, அந்த இடைவெளியில் சுருட்டை வைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது கோபம் வருதா, பாவமா இருக்கா? ரெண்டுமே வரலாம். ஆனா ஒண்ணு மட்டும் தெளிவு. உயிராசை இல்லாத மனுஷன் இத்தனை முறை கத்திக்குக் கீழே படுக்க மாட்டார்.

1930-ல் இதயம் மறுபடியும் தகராறு செய்தது. ஃப்ராய்டு சுருட்டை நிறுத்தினார். உடம்பு உடனே தேறியது. 23 நாள் ஓடியது. பிறகு ஒரே ஒரு சுருட்டு. பிறகு இரண்டு. பிறகு மூன்று, நான்கு. ஒண்ணே ஒண்ணுதானே என்ற அந்தக் கதவு வழியாகத்தான் எல்லோரும் திரும்பிப் போகிறார்கள்.

கடைசிப் புத்தகம்

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான ஃப்ராய்டின் வீடு சோதனை போடப்பட்டது. அன்னாவை கெஸ்டபோ விசாரணைக்கு அழைத்துப்போனது. ஜூன் 4-ம் தேதி, 82 வயதில், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த வியன்னாவை விட்டு லண்டனுக்குப் புறப்பட்டார்.

அங்கே புற்று கடைசி முறையாகத் திரும்பியது. இனி வெட்ட முடியாது என்றார்கள். சிந்தனை மழுங்கிவிடும் என்று பலமான வலி மருந்துகளை ஒதுக்கி, பெரும்பாலும் ஆஸ்பிரின் மட்டுமே போட்டுக்கொண்டார். தாடைப் புண் அழுகி வந்த வாடையில், அவர் ஆசையாக வளர்த்த நாய்கூட அவர் பக்கத்தில் வர மறுத்தது.

அவர் கடைசியாகப் படித்த புத்தகம் பால்சாக்கின் ஒரு நாவல். கதாநாயகனுக்கு ஒரு மந்திரத் தோல் கிடைக்கும். கேட்ட ஆசையை அது நிறைவேற்றும். ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் அந்தத் தோல் கொஞ்சம் சுருங்கும். அதோடு அவன் ஆயுளும் சுருங்கும். அவர் அந்த நாவலை ஏன் எடுத்தார் என்பது நமக்கு எதற்கு? அந்தக் கதையும் இந்தக் கதையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்.

முன்பே பேசிவைத்திருந்தபடி, தாங்க முடியாத கட்டம் வந்ததும் டாக்டர் மாக்ஸ் ஷுர் மார்ஃபின் செலுத்தினார். 1939 செப்டம்பர் 23-ம் தேதி ஃப்ராய்டு இறந்தார். வயது 83.

அவருக்குக் கிடைக்காதது, உங்களுக்குக் கிடைக்கும்

83 வயசு வரைக்கும் இருந்தாரே, அப்புறம் என்ன என்று யாராவது கமென்ட் போடலாம். அந்தக் கடைசி 16 வருடங்களை மறுபடியும் ஒருமுறை படிச்சுப் பாருங்க.

ஃப்ராய்டுக்கு அறிவு குறைவில்லை, உறுதியும் குறைவில்லை. அவர் காலத்தில் இல்லாமல் போனது உதவி. அவரிடம் சொன்னதெல்லாம் விடு என்ற ஒரே வார்த்தை. எப்படி விடுவது என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. மூளையின் ரிசப்டார் கதை தெரிய வந்ததும், நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச், ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்ததும் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் அறிக்கை, நிகோடின் அடிமைப்படுத்தும் போதைப்பொருள் என்று வெளிப்படையாக அறிவித்ததே 1988-ல்தான்.

இன்னொரு விஷயம். அடிமையாக்குவது நிகோடின். புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் புகையிலையிலும் அதன் புகையிலும் இருக்கும் மற்ற ரசாயனங்கள். அதனால்தான் டாக்டர் சொல்லும் அளவில் எடுக்கும் சூயிங்கமும் பேட்ச்சும் சிகிச்சையாகின்றன. அதுக்காக வேப் பக்கம் போயிடாதீங்க. இந்தியாவில் 2019-லேயே அதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. தவிர, நம் மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. அந்த வயசுக்குள்ள நிகோடின் எந்த ரூபத்தில் நுழைந்தாலும், பழக்கம் ஆழமாக வேர்விடும்.

விட்டால் உடம்பு நன்றி மறக்காது. 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு குறையத் தொடங்கும். சுமார் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வரும். ஒரு வருடத்தில், மாரடைப்பு வரும் ஆபத்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகும்.

அதனால, போன தடவை விட்டுட்டு மறுபடியும் பிடிச்சிட்டீங்களா? வெட்கப்பட ஒண்ணுமில்லை. பெரும்பாலானவர்கள் பல முயற்சிகளுக்குப் பிறகே முழுசாக விடுகிறார்கள். அடுத்த தடவை தனியா மோதாதீங்க. டாக்டரைப் பாருங்க. உங்க டீக்கடை நேரத்தை மாத்துங்க. அந்த முதல் 3 நாளுக்குக் கூட ஓர் ஆளை வெச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு என்ற கதவை மட்டும் திறக்காதீங்க. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் அது. தினமும் கையில் எடுக்கும் பாக்கெட்தான், இன்னிக்கு அந்த எண்ணையும் பாருங்க. ஃப்ராய்டு கையில் அப்படியோர் எண் இருந்ததில்லை.